இளைத்தலும் இளைப்பாறுதலும்: எடை, வலி, உணவுச் சீட்டு குறித்துச் சில குறிப்புகள்

1

என் முன்னால் ஒரு பிரதி இருக்கிறது. ஒரே பக்கம். மேலே என் பெயர், வயது, உயரம் 156 செ.மீ., எடை 81 கிலோ. கீழே இரண்டு பத்திகள். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் உணவு. காலை 6 மணிக்கு வெந்நீரில் எலுமிச்சைச் சாறு. 8 மணிக்கு இட்லி 2, தேங்காய் சேர்க்காத சட்னி. 11 மணிக்கு மோர். மதியம் ஒரு கப் சாதம், இரண்டு கப் காய். சாயங்காலம் சுண்டல் அரைக் கப். இரவு 8 மணிக்கு எண்ணெயில்லாத சப்பாத்தி 2. அடியில் கொட்டை எழுத்தில்: ‘மொத்தம் 1,200 கலோரி. தினமும் 45 நிமிடம் வேக நடை கட்டாயம்.’ எழுதியவர் பெயர் இல்லை. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று தமிழ்ச் சிறுபத்திரிகைகள் அறிவித்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஆசிரியன் இல்லாத ஒரு பிரதி இத்தனை அதிகாரத்தோடு பேசும் என்பதை நான் இந்தக் காகிதத்தில்தான் பார்த்தேன்.

எந்தப் பிரதியும் தனக்கென ஒரு வாசகரை உத்தேசித்துக்கொண்டுதான் எழுதப்படுகிறது. இந்தப் பிரதி உத்தேசித்திருக்கும் வாசகர் யார்? காலையில் எழுந்ததும் எலுமிச்சைச் சாறு குடிக்க முடிந்தவர். அதாவது, வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுவிட்டு அரைமணியிலிருந்து ஒருமணி நேரம் வேறெதுவும் தொடாமல் காத்திருக்க வேண்டாதவர். 45 நிமிடம் வேகமாக நடக்கக்கூடியவர். அதாவது, பத்தாவது நிமிடத்தில் குதிகாலிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு கம்பியை இழுத்துக் கட்டினாற்போல் ஆகாதவர். இரவு 8 மணிக்குச் சப்பாத்தி ‘சாப்பிடுகிறவர்’. மாவு பிசைந்து, தேய்த்து, வீட்டிலுள்ள நாலு பேருக்கும் சுட்டு அடுக்கிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவர் அல்ல. ஆக, இந்தப் பிரதியின் வாசகருக்கு மாத்திரை கிடையாது, வலி கிடையாது, அடுக்களையும் கிடையாது. நான் இந்தப் பிரதிக்குள் நுழைய வேண்டுமென்றால் இவை மூன்றையும் வாசலில் கழற்றிவைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

சொந்தக் கதை சொல்வது விமர்சனமாகுமா என்று கேட்கக்கூடிய நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடல் அரசியல் பற்றி நாம் எழுதித் தள்ளிய பக்கங்களில் உடம்பு இருந்த அளவுக்கு உடம்புக்காரி இருந்ததில்லை. எனவே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு, ‘நீர்க்கட்டி’ என்று ஊரில் சொல்லப்படுகிற பி.சி.ஓ.எஸ்., உடம்பு முழுக்கப் பரவிய நாள்பட்ட வலியான பைப்ரோமயால்ஜியா என மூன்றும் உண்டு. ‘எடையைக் குறைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்’ என்ற வாக்கியத்தை எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியதுதான்.

2

முதலில் எண்கள். உடல் நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. எனக்கு 33.3. இந்தச் சூத்திரத்தின் மூலவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் குவெட்லே. வானியலும் புள்ளியியலும் பயின்ற அவர் மருத்துவர் அல்ல. 1830களில் அவர் தேடிக்கொண்டிருந்தது ‘சராசரி மனிதன்’ என்ற ஒருவனை. தனி ஆளுக்கு மருந்து எழுதும் நோக்கம் அவருக்கு இல்லை. அந்தச் சூத்திரத்துக்குப் பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தது 1972இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸும் கூட்டாளிகளும். அந்த ஆய்வில் அளக்கப்பட்டவர்கள் ஆண்கள். சராசரி ஆணிலிருந்து எடுத்த அளவுகோல் என் கருப்பையின் கதையைச் சொல்ல வருகிறது.

கோடும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அமெரிக்காவில் 1998 வரை ஏறத்தாழ 27ஐத் தாண்டினால்தான் ‘அதிக எடை’. அந்த வருஷம் கோடு 25க்கு இறங்கியது. ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிடாமலேயே லட்சக்கணக்கானவர்கள் மறுநாள் அதிக எடைக்காரர்களாக விழித்தெழுந்தார்கள். இந்தியர்களுக்கு 23 தாண்டினால் அதிக எடை, 25 தாண்டினால் பருமன் என்று 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி வகுத்தார்கள்.

இதை வெறும் அதிகாரச் சூழ்ச்சி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி எழுத மாட்டேன். இந்தியருக்குக் கோடு இறங்கியதற்குக் காரணம் இருக்கிறது. 2004இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து நின்ற ஒரு புகைப்படம் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண், இரண்டு உடம்பு. இந்தப் புகைப்படம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பிலும் ஆபத்து உண்டு, பி.எம்.ஐ. தனியாக நின்று எதையும் நிரூபிப்பதில்லை. இரண்டாவதை ஒப்புக்கொள்ள மருத்துவ உலகத்துக்கு இருபது வருஷம் பிடித்தது. 2025 ஜனவரியில் வெளிவந்த சர்வதேச ஆணைக்குழு அறிக்கைதான் பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்லக்கூடாது, உறுப்புகளும் அன்றாட இயக்கமும் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றது.

இன்னொரு எண் 1,200. இந்த எண்ணுக்கும் முன்னோர் உண்டு. 1877 ஜனவரியில், சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது, வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அரிசியானால் சுமார் 1,600 கலோரி. இது பட்டினிக்கூலி என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். சில மாதங்களில் அந்த அளவைக் கைவிட நேர்ந்தது. அதற்கு அறுபத்தெட்டு வருஷத்துக்குப் பின், 1945இல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஒரு சோதனை நடந்தது. போருக்குப் போக மறுத்தவர்கள், தாமாக முன்வந்தவர்கள். கொடுக்கப்பட்டது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. உடம்பு தன் அடுப்பைத் தானே தணித்துக்கொண்டது: ஓய்வில் செலவாகும் சக்தி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. எந்நேரமும் குளிர், எரிச்சல், சோர்வு, சாப்பாட்டைப் பற்றியே பேச்சு. திரும்பச் சோறு போட்டதும் பலர் முன்பிருந்ததைவிட அதிகக் கொழுப்போடு எழுந்தார்கள். சோதனையை நடத்தியவர் பெயர் ஆன்சல் கீஸ். பி.எம்.ஐ.க்குப் பெயர் வைத்த அதே கீஸ்.

கணக்கை ஒப்பிடும்போது நியாயமாக இருக்க வேண்டும். அவர்கள் ஆண்கள், மண் சுமந்தார்கள், வாரத்துக்கு 22 மைல் நடந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்துகிறவள். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பஞ்சத்தில் பட்டினி என்றும் பரிசோதனைக்கூடத்தில் அரைப்பட்டினி என்றும் பெயர் பெற்ற அளவுகளைவிடக் குறைவான ஓர் எண், என் கைக்கு வரும்போது மட்டும் எப்படி ‘ஆரோக்கியம்’ ஆகிறது? மூன்று வாரம் கழித்து நான் சோர்ந்து, எரிந்து விழுந்து, ராத்திரி பதினோரு மணிக்கு அடுக்களையில் நின்று பழைய சோற்றைத் தின்னும்போது அது ஏன் ‘மன உறுதி இல்லாமை’ ஆகிறது? 36 ஆண்களுக்கு நடந்தது உடலியல். எனக்கு நடந்தது ஒழுக்கக்கேடு.

3

‘தைராய்டு வந்துதான் இப்படி ஆயிட்டேன்’ என்று நாங்கள் சொல்லும்போது ஒரு சிரிப்பு எழும். சாக்குச் சொல்கிறாள் என்கிற சிரிப்பு. இந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்வதற்கு முன், எங்கள் பக்கத்துப் பொய்யையும் களைந்துவிட வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு கிலோவிலிருந்து நாலரைக் கிலோ வரைதான். அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். மாத்திரை சரியான அளவில் சேர்ந்தால் அந்தப் பகுதி இறங்கும். என் 81 கிலோவைத் தைராய்டு ஒன்றின் தலையில் கட்ட முடியாது.

பி.சி.ஓ.எஸ். கதை வேறு. ‘நீர்க்கட்டி’ என்ற பெயரே தவறான வாசிப்பு. ஸ்கேனில் மணிமணியாகத் தெரிபவை கட்டிகள் அல்ல. முழுதும் முதிராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். பலருக்கு இதன் அடியில் ஓடுவது இன்சுலின் எதிர்ப்பு: உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை, ஆகவே கணையம் இன்னும் உரக்கக் கூவுகிறது. அந்த மிகை இன்சுலின் கொழுப்பைச் சேர்த்துவைக்கச் சொல்கிறது. சினைப்பையை ஆண் ஹார்மோனை மிகையாகச் சுரக்கத் தூண்டுகிறது. எடை கூடினால் இன்சுலின் எதிர்ப்பு கூடும். எதிர்ப்பு கூடினால் எடை கூடும். எது காரணம், எது விளைவு என்று நேர்க்கோட்டில் கேட்கிறவர்களுக்கு இந்த வட்டம் பிடிபடாது. ஒல்லியாக இருக்கும் பெண்களுக்கும் இது வருகிறது. அவர்களிடம் யாரும் ‘எடையைக் குறை’ என்று சொல்ல முடியாததால் நோய் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. உலக அளவில் பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்றும், அவர்களில் 70 சதவீதம் பேர் வரை அது தெரியாமலே வாழ்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

இந்த நோய்க்குப் பெயர் வந்த கதையில் ஓர் அரசியல் இருக்கிறது. 1935இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிலக்கு நின்றுபோனவர்கள், அறுவைக்குப் பின் அது திரும்பியதும், சிலர் கருவுற்றதும்தான் கட்டுரையின் வெற்றி. அன்றிலிருந்து இது ‘பிள்ளை பெறுவதில் உள்ள கோளாறு’ என்றே பேசப்படுகிறது. நம் ஊரில் இதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பதினெட்டு வயதில் ‘கல்யாணம் ஆனா சரியாப்போயிடும்’, இருபத்தைந்தில் ‘குழந்தை வேணும்னா எடையைக் குறை’. குழந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெண்ணுக்கு அந்த அறையில் பேச்சே இல்லை. சர்க்கரை நோய் வரக்கூடிய வாய்ப்பு, ரத்தக்கொதிப்பு, மனச்சோர்வு எல்லாம் பிள்ளைக்கு அப்பாலும் அவள் உடம்பில் இருக்கும் என்பதை எவரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

இப்போது ஊசி வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் டிர்செபடைடு, ஜூனில் எடைக்கென்றே செமாக்ளுடைடு இந்தியாவுக்கு வந்தன. வந்த நாளில் முதலாவதன் மிகச் சிறிய குப்பி வாரத்துக்கு 3,500 ரூபாய். பசியையும் நிறைவையும் மூளைக்குச் சொல்லும் ஹார்மோனைப் போல நடந்து, பசியைத் தணிக்கிற மருந்துகள் இவை. குமட்டல், வயிற்றுப் பிரட்டல் முதலியவை உண்டு. ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்துக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022இல் வந்த ஆய்வு சொன்னது. வாங்குவதா வேண்டாமா என்பது அவரவர் மருத்துவரோடும் அவரவர் சட்டைப்பையோடும் பேசிக்கொள்ள வேண்டியது. எனக்கு இதில் முக்கியமாகப்படுவது வேறு. பசி என்பது ஒழுக்கத்தின் பிரச்சினை அல்ல, ரசாயனத்தின் பிரச்சினையும்கூட என்று எங்கள் பாட்டிமார் காலத்திலிருந்து சொல்லிவந்ததை யாரும் நம்பவில்லை. அதை விலைபோட்டு விற்க ஒரு கம்பெனி வந்ததும் உலகம் நம்பிவிட்டது.

4

இனி வலி. வலியை மொழியால் சொல்ல முடியாது என்பது மேற்கில் ஒரு பழைய முறையீடு. ஆங்கிலத்தில் காதலுக்குச் சொல் இருக்கிறது, தலைவலிக்கு இல்லை என்று 1926இல் வர்ஜீனியா வுல்ஃப் வருந்தினார். 1985இல் எலைன் ஸ்கேரி, வலி மொழியை எதிர்க்கிறது என்பதோடு நில்லாமல் அதை அழித்தே விடுகிறது என்று ஒரு கோட்பாடாகவே வளர்த்தெடுத்தார். நம் கட்டுரைகளிலும் இதை எடுத்தாண்டிருக்கிறோம். ஆனால் என் அம்மா பேசுவதைக் கேட்டால் இதை நம்ப முடியவில்லை. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, இசிவு, மதமதப்பு. சுரீர்னு வருது, விண்விண்ணுனு தெறிக்குது, கடுகடுங்குது, மரத்துப்போச்சு. ஒவ்வொன்றும் வேறு வலி. ‘குடைச்சல்’ என்றால் எலும்புக்குள், இரவில், மழைக்காலத்தில்; ‘கடுப்பு’ என்றால் வேலைக்குப் பின், தசையில். இந்தச் சொற்களஞ்சியத்தோடு போகிற பெண்ணிடம் மருத்துவமனை என்ன கேட்கிறது? ‘பத்துக்கு எத்தனைம்மா?’ பரீட்சை மார்க் மாதிரி. ஏழு என்று சொன்னால் கூட்டிச் சொல்கிறாள். நாலு என்று சொன்னால் அப்புறம் எதுக்கு வந்தாய்? வலிக்குச் சொல் இல்லாமல் இல்லை. கேட்கிற காது இல்லை.

இத்தனைக்கும் மருத்துவத்துக்குள்ளேயே இந்தக் காது இருந்திருக்கிறது. 1975இல் கனடாவின் ரொனால்ட் மெல்சாக் வலியைச் சொல்லும் சொற்களை வகைபிரித்து ஒரு வினாத்தாளே தயாரித்தார். பைப்ரோமயால்ஜியாவின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1990இல் வகுத்த இலக்கணப்படி மருத்துவர் உடம்பில் 18 இடங்களை விரலால் அழுத்துவார். 11 இடத்தில் வலித்தால் நோய். 2010இல் அந்த விரல் போய், நோயாளி சொல்லும் வலிப் பரப்பும் தூக்கமும் சோர்வும் இலக்கணமாயின. 2020இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் தன் வரையறையைத் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று விளக்கக் குறிப்பிலேயே எழுதியது. விரலிலிருந்து வாய்க்கு மாறியிருக்கிறது சாட்சியம். எங்கள் ஊர் மருத்துவமனை அறைக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. ‘ரிப்போர்ட் எல்லாம் நார்மலா இருக்கே, நீங்கதான் மனசுல போட்டுக் குழப்பிக்கிறீங்க.’

இங்கேதான் அந்த வட்டம் முழுதாகிறது. வலிக்கிறது, நடக்க முடியவில்லை. நடக்காததால் தசை வற்றுகிறது, எடை கூடுகிறது. எடை கூடினால் முட்டியில் பாரம் கூடுகிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் ஏறத்தாழ நாலு கிலோ பாரம் குறைகிறது என்று 2005இல் வந்த ஆய்வு காட்டியது, எனவே இது வெறும் கட்டுக்கதை அல்ல. வலியால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடுகிறது. வலிக்கென்று கொடுக்கிற மருந்துகளில் சில (பிரீகாபலின், அமிட்ரிப்டிலின்) எடையை ஏற்றுகின்றன. எனக்கு நடந்தது இதுதான்: ஒரே கட்டடத்தில், மாடியில் ஓர் அறையில் எடை ஏற்றும் மருந்தை எழுதிக்கொடுத்தார்கள்; கீழே ஓர் அறையில் எடை ஏறியதற்காகத் திட்டினார்கள். இரண்டு அறைக்கும் நடுவில் படியேறி இறங்கியது நான். லிப்ட் வேலை செய்யவில்லை.

5

இதுவரை மருத்துவத்தைப் பற்றிப் பேசினேன். கைதட்ட உங்களுக்குச் சிரமமிருக்காது. இனி நம்மைப் பற்றி.

இடதுசாரிச் சுவரொட்டிகளில் முதலாளி எப்படி வரையப்படுகிறான்? தொப்பையோடு. உழைப்பாளி? வற்றிய வயிறும் முறுக்கிய கையுமாக. சுரண்டலின் குறியீடு கொழுப்பு. வாழ்க்கை இந்தச் சித்திரத்தை எப்போதோ கடந்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் பி.எம்.ஐ. 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். அதே கணக்கெடுப்பில் 53.4 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். இரண்டும் சேர்ந்து நூறுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரே பெண்ணே இரண்டு பத்தியிலும் நிற்க முடியும், நிற்கவும் செய்கிறாள். கொழுத்த உடம்புக்குள் பட்டினி. 2011 முதல் ரேஷனில் விலையில்லாமல் அரிசி கிடைக்கிறது. பசி ஆறியது, அதைக் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் பருப்பும் முட்டையும் மீனும் காயும் காசு போட்டு வாங்க வேண்டியவை. பாத்திரம் துலக்கி, பத்து வீட்டுப் படியேறி, முட்டி தேய்ந்து, சோறும் டீயும் பன்னுமாக நாளை ஓட்டுகிற பெண் பருத்துத்தான் இருக்கிறாள். அவளை எந்தச் சுவரொட்டியில் வரைவோம்?

கூட்டங்களில் நடப்பது இன்னும் நுட்பமானது. பேரணிக்கு வர முடியவில்லை என்றால் ‘தோழர், தினமும் கொஞ்சம் நடங்க, எல்லாம் சரியாயிடும்’. தரையில் பாய் விரித்த அரங்கில் நான் மட்டும் நாற்காலி கேட்டால் ஒரு மௌனம். உறுதி, தியாகம், உடலை வருத்துதல் என்று நாம் கொண்டாடும் சொற்களின் அடியில் ஒரு பழைய துறவி உட்கார்ந்திருக்கிறார். உடம்பை அடக்கியவளே கொள்கையில் நிற்பாள் என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எதிர்முனையில் என் பெண்ணியத் தோழிகள். எடை என்பதே சொல்லாடல், அளவுகோல் என்பதே ஆணின் பார்வை, உன் உடம்பை நீ நேசி. இதில் உண்மை இருக்கிறது. சூசி ஆர்பாக் 1978இல் பருமனைப் பெண்ணியத்தின் பிரச்சினையாக வைத்து எழுதியதிலிருந்து நாங்கள் நிறையக் கற்றிருக்கிறோம். ஆனால் ‘கொஞ்சம் எடையைக் குறைக்கலாம்னு இருக்கேன்’ என்று நான் சொன்ன அன்று அவர்கள் முகத்தில் பார்த்த ஏமாற்றத்தை மறக்க முடியவில்லை. நான் கட்சி மாறிவிட்டவள் போல. எடை ஒரு சொல்லாடல்தான். ஆனால் முட்டி சொல்லாடல் அல்ல. மாடிப்படியில் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறவளிடம் போய், உன் துன்பம் கட்டமைக்கப்பட்டது என்று சொல்வதும், உன் துன்பம் உன் குற்றம் என்று சொல்வதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: இரண்டும் அவளைக் கேட்பதில்லை. ஃபேர்னஸ் கிரீம் பூசுகிற ஆசையையும் வலியில்லாமல் ஒரு கிலோமீட்டர் நடக்கிற ஆசையையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

6

தமிழ் படித்தவள் என்பதால் சொற்களிடம் போகிறேன். ‘இளைத்தல்’ என்ற வினைக்கு மெலிதல் என்று ஒரு பொருள், சோர்தல் என்று இன்னொரு பொருள். அதிலிருந்துதான் இளைப்பு, இளைப்பாறுதல். மெலிவு நம் மரபில் சாதனையாக இருந்ததில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உணவு குறைவதையும் உடம்பு சுருங்குவதையும் பிரிவுத்துயரின் அடையாளங்களாகத்தான் அடுக்குகிறது. என் எடை கொஞ்சம் குறைந்தபோது அலுவலகத்தில் ‘சூப்பர்!’ என்றார்கள். அம்மா மட்டும், ‘ஏண்டி இப்படி இளைச்சுப்போயிட்ட, உடம்புக்கு என்ன?’ என்றாள். அம்மாவின் தமிழ் பழையது. அந்தக் கேள்வியில் என் உடம்பு ஒரு காட்சிப்பொருளாக இல்லை.

‘வலி’ என்ற சொல்லும் அப்படித்தான். நோவும் வலி, ஆற்றலும் வலி. திருக்குறளில் ‘வலியறிதல்’ என்ற அதிகாரம் அரசனுக்குச் சொன்னது: செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை நான்கையும் எடைபோட்டுச் செய். மயிற்பீலியே ஆனாலும் மிகுத்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதும் அங்கேதான் வருகிறது. எனக்கு உடற்பயிற்சி பற்றி யாரும் சொல்லாததை இந்த அதிகாரம் சொன்னது. நல்ல நாளில் உற்சாகத்தில் ஒருமணி நேரம் நடந்துவிட்டு அடுத்த நாலு நாள் படுக்கையில் கிடப்பதுதான் எங்களைப் போன்றவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை. முடிந்ததில் பாதியைச் செய்து, அதை நாள் தவறாமல் செய்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே வழி. பத்து நிமிடத்துக்குக் குறைந்த அசைவு கணக்கில் வராது என்று முன்பு சொல்லிவந்த உலக சுகாதார நிறுவனமும் 2020இல் அந்த விதியை எடுத்துவிட்டது.

எடைக்குறைப்பு நூல்கள் மேற்கோள் காட்டுகிற அதிகாரம் ‘மருந்து’. முன் உண்டது செரித்த பின் உண் என்பதோடு அவை நின்றுவிடும். அந்த அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்கள்தான் எனக்கு முக்கியம். நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் மூன்றையும் பார்த்து மருத்துவன் செய்ய வேண்டும் என்கிறது ஒன்று. என் உணவுச் சீட்டு பார்த்தது ஓர் அளவை மட்டும். மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவன் என நான்கு கூறு உடையது என்கிறது மற்றது. நான்காமவர் யார்? ஆண் நோயாளிக்கு மனைவியோ அம்மாவோ. பெண் நோயாளிக்கு? அவளே. தன் உணவுச் சீட்டைத் தானே சமைத்து, அதன் பக்கத்தில் வீட்டாருக்கு வேறொன்றும் சமைத்து, பத்துப்பாத்திரம் தேய்த்துவிட்டு, ‘உடற்பயிற்சிக்கு நேரமில்லையா?’ என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். எனக்கு எடை குறையத் தொடங்கியது எந்த உணவு மாறியதாலும் இல்லை. ராத்திரிச் சமையலைத் தம்பி ஏற்றுக்கொண்ட மாதத்திலிருந்துதான். அந்த ஒருமணி நேரத்தில் நான் உட்கார்ந்தேன். இளைப்பாறினேன். அப்புறம்தான் இளைத்தேன்.

மற்றவை சாதாரண விஷயங்கள். வேறொரு மருத்துவர், எடை பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் பார்த்தார். 2023இல் வந்த பி.சி.ஓ.எஸ். சர்வதேச வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. எடை குறையாவிட்டாலும் உணவும் அசைவும் சீரானால் பலனுண்டு, எந்த ஒரு தனி உணவுமுறையும் மற்றதைவிட மேலானதென்று நிரூபணமில்லை என்பதும் அதில் உள்ளதே. எடை ஏற்றிய மருந்தை அவர் மெல்ல மாற்றினார். சோறு குறைந்தது, நிற்கவில்லை. முட்டையும் பயறும் கூடின. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து ஆறு நிமிடம். நாலு மாதம் கழித்துப் பதினைந்து நிமிடம். பதினாலு மாதத்தில் 81 கிலோ 76.5 ஆனது. அட்டவணையைப் பார்த்தால் நான் இன்னும் அதே கட்டத்தில்தான் நிற்கிறேன்: பருமன். ஆனால் படிக்கட்டில் நிற்காமல் ஏறுகிறேன், வாரத்தில் ஐந்து ராத்திரி தூங்குகிறேன், மாதவிலக்கு மாதாமாதம் வருகிறது. இவற்றுக்கு அந்தச் சீட்டில் பத்தி இல்லை. வலி இருக்கிறது, இருக்கும்.

கோட்பாடாகத் தொகுத்துச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சில கோரிக்கைகள் உண்டு. மருத்துவர்களிடம்: வலியை முதலில் கேளுங்கள், எடையைப் பிறகு பாருங்கள். பெண்ணியத் தோழிகளிடம்: எடை குறைக்க விரும்புகிறவளைத் துரோகி ஆக்காதீர்கள். தோழர்களிடம்: அடுத்த கூட்டத்தில் பாயோடு பத்து நாற்காலியும் போடுங்கள், யாருக்கு என்று கேட்காமல் போடுங்கள். பேரணியின் பின்னால் மெதுவாக நடப்பவர்களுக்காக ஒரு வண்டி வரட்டும். அப்புறம், இதை வாசிக்கும் ஆண்களிடம் ஒன்றே ஒன்று: இன்று ராத்திரி சப்பாத்தியை நீங்கள் போடுங்கள்.